பார்த்தவர் கையெழுத்து

என் அப்பா தன் உயிலைச் சலவைச் சீட்டு மாதிரி எழுதி வைத்திருந்தார். இது அவருடைய நெஞ்சு ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. எனக்கு வந்த கோபத்தில், நாளைக்கு ஆபரேஷன் மேஜையில் படுக்கப் போகிற மனுஷன் என்றுகூடப் பார்க்காமல், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாமா என்று இருந்தது.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. எங்களுடையது டிரை கிளீனிங் கடை. முன்னால் கவுண்டர், பின்னால் இரண்டு பெரிய மெஷின், ஒரு நீராவி இஸ்திரி மேஜை, கூரைக் கம்பியில் பாலிதீன் உறை மாட்டித் தொங்கும் துணிகள். உள்ளே வருகிற ஒவ்வொரு துணிக்கும் ஒரு சீட்டுக் குத்துவோம். சீட்டில் இரண்டு கையெழுத்து இருக்கும். ஒன்று, துணியை வாங்கினவர் போடுவது. இன்னொன்று, வேலை முடிந்த பிறகு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறை போயிருக்கிறதா, பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தவர் போடுவது. இரண்டும் இல்லாமல் எங்கள் கடையை விட்டு ஒரு கைக்குட்டைகூட வெளியே போகாது.

இன்னொரு சட்டமும் உண்டு. சொந்தத் துணியைச் சொந்தக்காரர் பார்க்கக் கூடாது. கடையில் வேலை செய்கிறவர்கள் தங்கள் துணியையும் அங்கேயே போடுவார்கள். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேறு ஆள்தான் வர வேண்டும். இந்தச் சட்டம் பிறந்தது அப்பாவின் இரண்டாம் கல்யாணத்தில்.

என்னைப் பெற்ற அம்மா நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷமே போய்விட்டாள். கடையில் இஸ்திரி போட வந்த சித்தியை அப்பா கல்யாணம் செய்துகொண்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. சித்திக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த பையனுக்கு எட்டு. மாப்பிள்ளைச் சட்டையை அப்பாவே துவைத்து, அப்பாவே பார்த்து, சீட்டில் அப்பாவே கையெழுத்தும் போட்டு, அதை மாட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்தில் வந்து நின்றார். குனிந்து கையெழுத்துப் போடப் போகிறார். அந்தப் பொடியன் கணீரென்று, "முதலாளி, உங்க காலர் பின்னாடி கறை!" என்றான். நல்ல நீல மைக் கறை. சித்திக்கு முகம் செத்துவிட்டது. அப்பா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "என் சட்டைன்னதும் என் கண்ணே எனக்குப் பொய் சொல்லிடுச்சு பாத்தியா? இனிமே சொந்தத் துணியைச் சொந்தக்காரன் பாக்கவே கூடாது. இந்தக் கழுகுக் கண்ணுதான் நம்ம கடைக்கு வேணும்" என்றார். அன்றைக்கே பையனுக்குக் கழுகு என்று பெயர் விழுந்துவிட்டது.

கழுகு வளர்ந்து, கடைக்கு நிரந்தரமாகப் பார்த்தவர் ஆனான். அவன் அம்மா கடையில் கூப்பிட்டதைக் கேட்டு 'முதலாளி' என்று பழகியவன், அவள் முதலாளி பெண்டாட்டி ஆன பிறகும் மாற்றிக்கொள்ளவே இல்லை. கடையிலும் முதலாளி, வீட்டிலும் முதலாளி, காய்ச்சலில் உளறும்போதும் முதலாளி. அப்பாவும் ஒரு நாளும் வேறு மாதிரிக் கூப்பிடச் சொன்னதில்லை. நான் அவனைத் தம்பி என்பேன். சண்டை வந்தால் வேறு என்னென்னவோ என்பேன். எங்களுக்குள் சண்டை வராத நாள் குறைவு. எனக்குப் பள்ளிக்கூட பஸ்களை அனுப்புகிற ஆபீசில் வேலை. நாளெல்லாம் டிரைவர்களோடு கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல்தான் வரும்.

அப்பா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால், ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்தேன். வாராவாரம் கறுப்புக் கோட்டைத் துவைக்கப் போடுகிற வக்கீலம்மா, நாங்கள் கோட்டு வக்கீல் என்று பெயர் வைத்திருப்பவர், கோட்டை வாங்க வந்தார்.

"அப்பா தைரியமா இருக்காரா? உயில் எல்லாம் எழுதி வச்சிருக்காரா?"

"அதெல்லாம் போன வருஷமே முடிஞ்சுது. அச்சடிச்ச பாரம் ஒண்ணு வாங்கி அவரே ரொப்பிட்டாரு."

"வாராவாரம் என் கோட்டைத் துவைக்கிறாரு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"வக்கீல்கிட்ட போனா ஒரு பக்கத்துல முடியறது பத்துப் பக்கமாயிடும்னாரு," என்று உள்ளே இருந்து கழுகு குரல் கொடுத்தான்.

உயிலில் என்ன இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் ரகசியமே இல்லை. சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்தி வாசிப்பது போல அப்பாவே வாசித்துக் காட்டினார். வீடு சித்திக்கு. கடை கழுகுக்கு. மீதி எது இருந்தாலும் மகளுக்கு. சரியான பங்கீடுதான். கடை யாருடையது என்று கேட்டால் மெஷினே கழுகைத்தான் காட்டும்.

"சாட்சி யாரு போட்டது?" என்று கேட்டுக்கொண்டே வக்கீலம்மா கோட்டைக் கையில் மடித்தார்.

கழுகு ஈரக் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தான். பெருமை முகத்தில் வழிந்தது. "வாங்கினவர் நம்ம ஆவியக்கா. பார்த்தவர் நான்."

ஆவியக்கா என்பது நீராவி இஸ்திரி மேஜைக்காரி. புகைக்குள்ளிருந்து தலையை ஆட்டி ஆமாம் என்றாள்.

வக்கீலம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "கடையை உனக்குத்தானே எழுதியிருக்காரு? அந்த உயிலுக்கு நீயே சாட்சி போட்டியா?"

"முதலாளி போடச் சொன்னாரு. கடையில எந்தச் சீட்டுக்கும் நான்தானே போடறேன்."

"அட ராமா! இது சலவைச் சீட்டு இல்லப்பா. உயில்ல யாருக்கு என்ன எழுதியிருக்கோ, அவங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டா, அவங்களுக்கு எழுதினது செல்லாது. நம்ம சட்டம் அப்படி. மத்தது எல்லாம் நிக்கும். உன் பங்கு மட்டும் போயிடும்."

"அப்போ கடை?" என்றேன்.

"மீதியில போய்ச் சேரும். மீதி யாருக்கு?"

எனக்கு. என்னையே விரலால் காட்டினேன்.

வக்கீலம்மா குரலைத் தாழ்த்தினார். "பெத்த பிள்ளைன்னா உயிலே இல்லேன்னாலும் ஏதாவது வழி உண்டு. கட்டினவ கூட்டிட்டு வந்த பிள்ளைக்கு உயில் ஒண்ணுதான் வழி. தத்து எடுத்துக்கல, வேற பத்திரம் எதுவும் இல்ல. எத்தனை வருஷம் ஒரே வீட்டுல சாப்பிட்டாலும் சட்டத்துக்கு அவன் யாரோ."

யாரோவாம்! எனக்கு ஜிவ்வென்று ஏறியது. "அதுக்கென்ன, என் கைக்கு வந்தா நான் அவனுக்கு எழுதிக் குடுத்துடறேன். முடிஞ்சுது கதை."

"நீ குடுத்தா எனக்கு வேணாம்," என்றான் கழுகு.

"ஏன்டா, என் கையில என்ன சாக்கடையா இருக்கு?"

"முதலாளி குடுத்தா வாங்கிப்பேன். உன்கிட்ட வாங்க மாட்டேன். என்னிக்காவது சண்டையில நீ சொல்லிக் காட்டுவே."

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் வாய் எனக்குத் தெரியும். என்றைக்காவது ஒரு நாள், ஏதாவது ஒன்றுமில்லாத சண்டையில், 'நான் போட்ட பிச்சையில நிக்கறே' என்று நிச்சயம் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு அழுவேன். ஆனால் சொல்லாமல் இருக்க மாட்டேன். அவன் கடையைப் பூட்டிச் சாவியை என் முகத்தில் எறிந்துவிட்டுப் போய்விடுவான். கடையும் போகும், தம்பியும் போவான். இல்லை, அப்பா கொடுத்ததாகத்தான் அது அவன் கைக்குப் போக வேண்டும். அப்பா கையெழுத்தில்தான் போக வேண்டும்.

"அம்மா, இப்பவே புது உயில் எழுதிக் குடுங்க. நாளைக்குக் காலையில அப்பா கையெழுத்து வாங்கறது என் பொறுப்பு," என்றேன்.

வக்கீலம்மா கோட்டை மறந்து என்னையே பார்த்தார். பிறகு என்னைத் தன் ஆபீசுக்குக் கூட்டிப் போய், பழைய வார்த்தைகளையே புதிதாக டைப் செய்து கொடுத்தார். தனக்குக் காலையில் கோர்ட்டில் கேஸ், வர முடியாது என்றார். "ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல பக்கத்துல இருக்கணும். உயில்ல பங்கு வர்றவங்களும் ஆகாது, அவங்க புருஷன் பொண்டாட்டியும் ஆகாது. மயக்க ஊசி போட்டப்புறம் போட்ட கையெழுத்து நாளைக்குக் கேள்வியில நிக்கும். அதுக்கு முன்னாடி வாங்கிடு. கழுகு அந்தப் பக்கமே வர வேணாம். கையெழுத்துப் போடற நேரத்துல நீயும் வெளிய நில்லு."

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்ல மனுஷன். ஆனால் சும்மா வருகிறது என்றால் அவருக்குக் கொஞ்சம் சபலம்.

"நாம எதுவும் பண்ணலியே. சட்டம் தானா பண்ணுது. பேசாம இருந்தா என்ன?"

"பேசாம இருக்கற ஆளைக் கட்டிக்கிட்டிருக்கணும் நீங்க," என்றேன்.

"அது சரி, எனக்குக் குடுத்து வைக்கல," என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அவரே வண்டியை எடுத்து ஆவியக்காவையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இரண்டு கட்டில் போட்ட அறை. ஜன்னல் பக்கம் அப்பா. கதவுப் பக்கம் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று அவர், மூட வேண்டும் என்று அப்பா, இரண்டு நாளாகப் போர். நாங்கள் நுழையும்போது ஜன்னல் மூடியிருந்தது, அப்பா முகமும் மூடியிருந்தது. பச்சை அங்கியில் பாதி ஆளாகத் தெரிந்தார். சித்தி கட்டில் ஓரத்தில் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சுற்றி வளைக்கத் தெரியாதவள். "அப்பா, உயிலை மாத்தணும்," என்றேன்.

சித்தியின் கை நின்றது. அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"மாத்த மாட்டேன்."

"முழுசாக் கேளுங்க..."

"கேக்க வேணாம். இதுக்குத்தான் நான் எழுதியே வச்சேன். வாயால சொல்லிட்டுப் போனா நீ விட மாட்டேன்னு எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடறதுக்குள்ளயே வந்துட்டியே! கடை அவனுக்குத்தான். போ."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அப்படித்தான் நினைத்தாள் என்பது அந்தக் குனிந்த தலையிலேயே தெரிந்தது. நான் கத்துகிறவள்தான், சண்டைக்காரிதான். ஆனால் பறிக்கிறவளா? பெற்ற அப்பன் என்னை அப்படியா எடை போட்டு வைத்திருந்தார்? அப்படியே காகிதத்தைக் கிழித்து அவர் மேலேயே போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று வந்தது. போனால் கடை எனக்கு வரும். அவர் நினைத்த திருடியாகவே நான் ஆகிவிடுவேன். அழுகையைக் கஷாயம் மாதிரி விழுங்கினேன். வெளியே வராந்தாவில் நர்ஸ் ஊசித் தட்டோடு ஒவ்வொரு அறையாக வந்துகொண்டிருந்தாள்.

"சரி, மாத்த வேணாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. உங்க கல்யாணச் சட்டையில மைக் கறை எப்படி வந்துது?"

அப்பா விழித்தார். "இது என்னடி கேள்வி? நானே பாத்தேன், கண்ணுல படல."

"அதுக்கு என்ன சட்டம் போட்டீங்க?"

"சொந்தத் துணியைச் சொந்தக்காரன் பாக்கக் கூடாது."

"உயில்ல கடை யாருக்கு?"

"கழுகுக்கு. எத்தனை தடவை சொல்றது?"

"அந்த உயிலைப் பார்த்தவர் யாருப்பா?"

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தபடியே நின்றது. பிறகு, குளுக்கோஸ் ஊசி குத்தியிருந்த கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். சித்தி பதறிப் போய்க் கையைப் பிடித்தாள்.

"அடக் கடவுளே! அவன் துணிக்கு அவனையே பாக்க வச்சிட்டேனா?"

"வக்கீலம்மா சொல்றாங்க, அவன் போட்ட கையெழுத்தால அவனுக்கு எழுதினது மட்டும் செல்லாதாம். கடை எனக்கு வந்துடுமாம். எனக்கு வேணாம்ப்பா. இது அதே உயில்தான். ஒரு வார்த்தை மாறல. சித்தி, நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

சித்தி காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக் காட்டினாள். 'கடை' என்று வந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள். அப்பா கையை நீட்டினார். "பேனாவைக் குடு. சாட்சிக்கு யாரு?"

"ஆவியக்கா வந்திருக்கா. இன்னொரு ஆள் வேணும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதவங்களா இருக்கணும், உங்ககிட்ட ஒண்ணும் கிடைக்காதவங்களா இருக்கணும்."

வராந்தாவுக்குப் போய் நர்ஸைக் கேட்டால், ஆஸ்பத்திரி ஆட்கள் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் கூடாது. சித்தி கூடாது. நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் டிரைவர் மாவுக்கட்டுக் காலோடு எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவனா? வேணவே வேணாம்!" என்றார் அப்பா.

"இவருக்கு ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"இவனுக்கா? அந்த ஜன்னல் கொக்கியைக்கூடக் குடுக்க மாட்டேன்."

"அப்போ இவரை விட நல்ல சாட்சி கிடைக்க மாட்டாரு."

டிரைவர் சிரித்தார். "போடறேம்மா. ஆனா ஒண்ணு. ஜன்னலைத் திறந்து விடணும்."

"ஊசி போட்டு என்னைக் கொண்டு போனப்புறம் கதவு, ஜன்னல், கூரை எல்லாத்தையும் திறந்துக்கோ," என்றார் அப்பா.

நான் சித்தியையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அதே நேரத்தில் நர்ஸ் தட்டோடு வந்து நின்றாள். நான் கதவை மறித்து நின்றேன்.

"வழி விடுங்க, நேரமாச்சு."

"ஒரே ஒரு கையெழுத்து சிஸ்டர்."

"டாக்டர் திட்டுவாரு."

"டாக்டரை என்கிட்ட அனுப்புங்க. தினமும் முப்பது டிரைவர்கிட்ட திட்டு வாங்கறவ நான்."

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா போட்டார். ஆவியக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாகப் போட்டாள். பிறகு காகிதத்தை டிரைவர் கட்டிலுக்கு எடுத்துப் போனாள். அவர் முழங்கையை ஊன்றிப் போட்டார். அப்பா காகிதத்தைத் திரும்ப வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பழக்கம் போகுமா? அப்புறம்தான் நான் கதவை விட்டு நகர்ந்தேன்.

தள்ளுவண்டியில் கொண்டு போகும்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "அந்தச் சட்டத்தை எழுதிக் கவுண்டர்ல மாட்டணும். துணிக்கு மட்டும் இல்லன்னு," என்றார். என்னைச் சந்தேகப்பட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் லிஃப்ட் கதவு மூடும் வரை கையை விடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து, கடைக்கு வந்து, எல்லோரையும் பழையபடி விரட்டினார். அந்த டிரைவரும் கட்டுப் பிரித்த பிறகு, சண்டை போட ஆள் வேண்டும் என்று கடைக்கு வர ஆரம்பித்தார். மறு வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுப் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். அழுதது போக மிச்சக் காரியமெல்லாம் கோட்டு வக்கீல் பார்த்துக்கொண்டார். உயில் ஒரு கேள்வியும் இல்லாமல் நின்றது. கடைப் பத்திரம் கழுகு பேருக்கு மாறியது. நான் ஒன்றும் கொடுக்கவில்லை, அவனும் என்னிடம் ஒன்றும் வாங்கவில்லை. இப்போதும் தினமும் சண்டை போடுகிறோம். சொல்லிக் காட்ட என்னிடம் எதுவுமே இல்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

பத்திரம் மாறிய வாரம், அப்பா கடைசியாகப் போட்டிருந்த சட்டையைச் சித்தி ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். பழைய வெள்ளைச் சட்டை. நான் வாங்கினவர் என்று கையெழுத்துப் போட்டேன். கழுகு அதைத் தனியாகத் துவைத்தான், மெஷினில் போடவில்லை. ஆவியக்கா இஸ்திரி போட்டாள். கழுகு அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். காலரைப் பார்த்தான். கையைப் பார்த்தான். பொத்தான்களைத் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு சீட்டையும் பேனாவையும் கவுண்டரில் வைத்துவிட்டு, சும்மா நின்றான்.

"என்னடா, கறை இருக்கா?"

"இல்ல."

"அப்போ போடேன் கையெழுத்தை. இத்தனை நேரமா பாத்தியே."

"நான் போடக் கூடாதுக்கா."

"ஏன்? கடையே உன்னுது. நீ போடாம யாரு போடுவா?"

"சொந்தத் துணியாச்சே," என்றான். சட்டையை மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தான். "அப்பா சட்டை."

சீட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நானும் போடக் கூடாது, அவனும் போடக் கூடாது. இரண்டு பேருமாக உள்ளே திரும்பி ஆவியக்காவைக் கூப்பிட்டோம். அவள் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து, சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, காலரின் பின்பக்கத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, பார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.